தேர்வு நாளில் ஒரு மணி நேரம் கூடுதல். அதற்கு முந்தைய 90 நாட்களுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாநிலத்தின் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இளநிலைப் பாடத்திட்டங்களைத் திருத்தி எழுதுகின்றன. அப்போதெல்லாம் எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எத்தனை அலகுகள், எத்தனை மதிப்பெண்கள் என்று நீண்ட விவாதம் நடக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறவர்கள் யார் யார், அவர்கள் அதை எந்தெந்த வழியில் படிப்பார்கள் என்ற கேள்வி மட்டும் பாடத்திட்டக் குழுவின் மேசைக்கு வருவதே இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 22 ஆண்டுகளாகப் பொருளியல் கற்பித்து வருகிறவள் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாக எழுப்ப விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முழுமையாகப் பார்வையற்ற மாணவர் ஒருவர் எங்கள் துறையில் சேர்ந்தார். கணினியை அவர் என்னைவிட வேகமாகக் கையாண்டார். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற மென்பொருளைத் தன் மடிக்கணினியில் நிறுவி வைத்திருந்தார். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கி, இன்றுவரை இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள் அது. ஆகவே, அந்த மாணவரிடம் கருவி இருந்தது, பயிற்சி இருந்தது, படிக்கும் ஆர்வமும் நிறையவே இருந்தது. எங்களிடம்தான் அவர் படிக்கக்கூடிய ஒரு பக்கம்கூட இருக்கவில்லை.

எங்கள் துறையின் தமிழ்வழிக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது தமிழ். கணினிக்கோ அது தமிழே அன்று. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பு மென்பொருள் உள்ளதை உள்ளபடி படிப்பதால், விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதியைப் பற்றிய 30 பக்கங்களும் அவர் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகவே விழுந்தன. எஞ்சிய குறிப்புகள் பழைய புத்தகங்களின் பக்கங்களை ஒளிவருடி எடுத்த படங்கள். அவற்றில் மென்பொருளுக்கு ஓர் எழுத்தும் அகப்படவில்லை. எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் பிறகும் இத்தனை ஆண்டுகளாகப் பழைய எழுத்துருவிலேயே குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. இதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பருவம் முழுவதும் விடுதி நண்பர்கள் இரவில் வாசித்துக் காட்ட, அதை அலைபேசியில் பதிவுசெய்து கேட்டுத்தான் அவர் படித்தார்.

பருவத் தேர்வு வந்தது. விதிப்படி, சொல்வதை எழுத ஓர் உதவியாளரும், ஒரு மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலும் அவருக்குக் கிடைத்தன. வினாத்தாளைப் பிரித்தால், ‘தேவை வளைகோட்டின் நகர்வுக்கும் இடப்பெயர்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக’ என்று ஒரு பெரிய வினா. அவர் வேறுபாட்டைச் சொற்களில் தெளிவாகச் சொல்லியிருந்தார். உதவியாளருக்குப் பொருளியல் தெரியாததால் படம் இல்லை. விடைக்குறிப்பின்படி படத்துக்குரிய மதிப்பெண்ணும் இல்லை. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள். தேர்வு நாளில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் கொடுக்க நமக்கு விதி இருக்கிறது. அதற்கு முந்தைய 90 நாட்களும் அவர் படிக்க முடியாத பக்கங்களோடு போராடியதைப் பற்றிக் கேட்க எந்தப் படிவமும் இல்லை.

சட்டம் இந்த இடத்தில் மௌனமாக இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றங்களைச் செய்யவும் சொல்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புடைய விகாஷ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்து உதவியாளர் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. 40 விழுக்காடு பாதிப்பு என்ற சான்றிதழ் அளவைக் காட்டி உதவியாளரை மறுக்கக் கூடாது. ஒருவருக்கு என்ன தேவை என்பதைப் பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். உயர்கல்வி நிறுவனங்களின் அணுகல்தன்மைக்கென 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நடைமுறையில் நம் கல்லூரிகளுக்குள் வந்து சேர்ந்திருப்பவை சாய்தளமும் தேர்வறைச் சலுகையும்தான். பாடம் இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது.

அந்த மாணவருக்காக நாங்கள் மிகத் தாமதமாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தடித்த அட்டையில் ஈர்க்குச்சிகளை ஒட்டி, விலைக்கும் வாங்கும் அளவுக்குமாக இரண்டு அச்சுகளை அமைத்தோம். சணல் நூலைக் குண்டூசிகளால் பொருத்தி அதைத் தேவை வளைகோடாக்கினோம். விலை மட்டும் மாறும்போது விரல் அந்த நூலின் மீதே மேலும் கீழும் செல்லும், அது நகர்வு. வருமானமோ விருப்பமோ மாறினால் குண்டூசிகளைப் பிடுங்கி நூலையே வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ மாற்றிக் குத்த வேண்டும், அது இடப்பெயர்வு. அவர் ஒரே முறை தடவிப் பார்த்துப் புரிந்துகொண்டார். பிறகு அந்த அட்டை வகுப்பில் கைமாறிக் கைமாறிச் சென்றது. கண் நன்றாகத் தெரிந்த 60 பேரில் பலரும் அதுவரை இந்த வேறுபாட்டை மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நூலைத் தாங்களே பிடுங்கி மாற்றிக் குத்திய பிறகு அந்த வினாவுக்கு அவர்கள் எழுதிய விடைகள் வேறு விதமாக இருந்தன. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் நான் வரைந்த கோடுகள் எத்தனை பேருக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கின்றன என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு ‘கற்றலுக்கான பொது வடிவமைப்பு’ என்ற பெயரில் இதையே ஒரு முறையாக வகுத்திருக்கிறது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் கட்டடங்களுக்குச் சொன்ன கருத்தின் கல்வி வடிவம் அது. கட்டி முடித்த பிறகு படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போடுவதைவிட, வரைபடம் போடும்போதே எல்லோரும் நுழையும் வாசலை வைப்பது மேல் என்றார் அவர். பாடத்துக்கு அதைப் பொருத்தினால், ஒரே கருத்தைக் கற்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளும், கற்றதைக் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளும், ஆர்வத்தோடு ஈடுபட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளும் பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டும். தேவைப்படும் மாணவர் ஒவ்வொருவரும் சான்றிதழோடு துறைத்தலைவர் அறை வாசலில் காத்திருந்து கேட்டுப் பெறும் நிலை அப்போதுதான் மாறும்.

மாற்றுத்திறன் என்றால் வெள்ளைக் கோலும் சக்கர நாற்காலியும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள் இருந்தன. இப்போதைய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. அவற்றில் பல, வகுப்பறையில் பார்த்தால் தெரியாதவை. எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் இடர்ப்படும் மாணவர், பிறவி இரத்தக் குறைபாடான தலசீமியா உள்ள மாணவி, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா உள்ள மாணவர் ஆகியோர் நம் பெஞ்சுகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள். கடுமையான தலசீமியா உள்ளவர் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வரும் நாளும் அதற்கு முந்தைய சோர்வான நாட்களும் அவருடைய வருகைப் பதிவேட்டில் விடுப்பாகவே விழுகின்றன. 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவச் சான்றையும் அதற்கான கட்டணத்தையும் கொடுத்துத் தேர்வெழுத அனுமதி கேட்க வேண்டும். உள்மதிப்பீட்டுத் தேர்வு அன்றைக்கென்று அமைந்துவிட்டால் அந்த மதிப்பெண்ணும் போகிறது. உள்தேர்வுகள் மூன்றை நடத்தி, சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தால், அந்த மாணவி தன் நோயை யாரிடமும் சொல்லாமலே படிப்பை முடிக்க முடியும். அதிகாலையில் பூச்சந்தையில் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கும், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டதால் வர இயலாதவருக்கும் அதே வரி கைகொடுக்கும்.

பல பல்கலைக்கழகங்களில் 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பீட்டுக்கு உரியது. இது முழுவதும் கல்லூரியின் கையில் இருக்கிறது. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி கருத்தரங்க உரைக்கு என்று வைத்திருக்கிறோம். திக்கிப் பேசும் ஒரு மாணவர் 60 பேர் முன்னால் நின்று இரண்டு நிமிடங்கள் ஒரு சொல்லோடு போராடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்த பொருளியலில் கால்பங்குகூட அன்று வெளிவரவில்லை. மேடையில் பேசலாம், வீட்டில் பதிவுசெய்து கொண்டுவந்து ஒலிபரப்பலாம், ஆசிரியரிடம் மட்டும் விளக்கலாம், சுவரொட்டியாக எழுதி ஒட்டலாம் என்று நான்கு வழிகளைக் கொடுத்த பிறகு, அவருடைய சுவரொட்டியின் முன்னால்தான் கூட்டம் நின்றது.

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேர்கிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். ‘இறுதிநிலைப் பயன்பாடு’, ‘நுகர்வோர் உபரி’, ‘சமநோக்கு வளைகோடு’ ஆகியவற்றை மேல்நிலை வகுப்பிலேயே நன்றாகப் படித்துவிட்டு வருகிற மாணவி, கல்லூரியில் அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டதும் எல்லாம் புதிய பாடம் என்று மிரண்டுபோகிறார். ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் இருமொழிக் கலைச்சொல் பட்டியல் ஒரு பக்கம் அச்சிட்டுவிட்டால் போதும். முதல் பருவத்தின் பாதி அச்சம் அதிலேயே நீங்கிவிடுகிறது.

இனி, இணையவழி வகுப்புகள். 2020 மார்ச் மாதத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் இணைய ஆசிரியர்கள் ஆனோம். முதல் சில வாரங்களிலேயே காணொளி வகுப்புகளில் பாதிப் பேர் இல்லை. காரணம் கேட்டால் டேட்டா தீர்ந்தது, சிக்னல் இல்லை, வீட்டில் இருப்பதே ஓர் அலைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது என்றார்கள். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை நான்கு மாதங்களுக்கு இலவசமாக அறிவித்ததே அந்த நெருக்கடியின் அளவைச் சொல்லும். அதற்கு முன்பே எங்களில் சிலர் காணொளியை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக்கு மாறியிருந்தோம். ஒரு மணி நேரக் காணொளி பல நூறு எம்பி பிடிக்கும். அதே பாடத்தைச் சாதாரணத் தரத்தில் ஒலியாகப் பதிந்தால் 30 எம்பிக்குள் அடங்கும். 15 நிமிடத் துண்டுகளாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரவு அலைபேசி கைக்கு வந்ததும் கேட்டுக்கொள்ளலாம். புரியாத இடத்தை மூன்று முறை கேட்கலாம். வகுப்பில் மூன்றாம் முறை விளக்கம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்களே சொன்னார்கள்.

ஒலிக்கென்று பேசியபோதுதான் என் பேச்சின் குறையும் எனக்குத் தெரிந்தது. ‘இந்தக் கோடு இங்கே வந்து இதை வெட்டுகிறது, பாருங்கள்’ என்று ஆயிரம் முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ‘இந்த’, ‘இங்கே’, ‘இதை’ என்ற மூன்று சொற்களும் பார்வையற்ற மாணவருக்கு எதையுமே சொல்வதில்லை. ‘இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் தேவைக்கோட்டை, மேலேறும் வழங்கல்கோடு நடுவில் வெட்டுகிறது’ என்றால் அவருக்கும் படம் கிடைக்கிறது, குறிப்பெடுக்கிறவருக்கும் வாக்கியம் கிடைக்கிறது. கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே பேசும் பழக்கமும் எனக்கு இருந்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு அந்த நிமிடங்கள் முழுவதும் வெறுமை. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கெனத் தனி வகுப்புகளே நடக்கின்றன. அங்கே போக வழியில்லாமல் ஊர்க் கல்லூரியின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு, ஆசிரியர் முகம் காட்டிப் பேசுவதே முதல் உதவி.

இவ்வளவையும் கற்றுக்கொண்ட நாங்கள், 2021இல் கல்லூரி திறந்ததும் ஒலிப்பதிவுகளை அப்படியே கைவிட்டுவிட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். நேரடி வகுப்பு வந்துவிட்டது, இனி அது எதற்கு என்ற நினைப்பு. இரத்தம் ஏற்றப் போகும் மாணவிக்கும், பேருந்து தாமதமாக வருவதால் முதல் வகுப்பைத் தவறவிடும் மாணவருக்கும் அதன் தேவை ஒருநாளும் தீரவில்லை. மறுபுறம், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஒன்றிய அரசின் ஸ்வயம் என்ற தளத்தின் இணையப் பாடங்களாக எடுத்துக்கொள்ள 2021ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகள் இடமளிக்கின்றன. இணையத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பாடம் எல்லோருக்கும் எட்டிவிடாது. ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்காக ஓர் இணையப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அதற்கு வசன வரிகள் உண்டா, உரை வடிவம் உண்டா, திரைவாசிப்பு மென்பொருளால் அதன் வினாக்களுக்கு விடையளிக்க முடிகிறதா என்பதை ஒரு பிற்பகல் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்படியெல்லாம் செய்தால் தரம் குறையும் என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். பட்டத்தின் மதிப்பு குறைந்தால் அதிகம் இழப்பவர்கள் ஏழை மாணவர்களே. ஆயினும், எந்தத் தரத்தை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரையான சிந்தனை நிலைகளைக் கே1 முதல் கே6 வரை குறியிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகளை எழுதி, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்காகக் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறோமே, விடை அங்கேயே இருக்கிறது. ‘தேவை மாற்றங்களைப் பகுத்தாய்தல்’ என்பது விளைவு என்றால், படத்தாலோ சொல்லாலோ அட்டவணையாலோ அதைக் காட்டிய மூவரும் அந்தத் தரத்தை எட்டியவர்கள்தாம். பொறியியல் வரைகலை போல வரைவதே விளைவாக உள்ள பாடத்தில் வரையத்தான் வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டக் குழு முன்கூட்டியே எழுதி வைத்தால், தேர்வறையில் கண்காணிப்பாளரும் மாணவரும் மன்றாடிக்கொண்டிருக்க வேண்டிய நிலை வராது.

ஆசிரியரின் சுமையைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே பல துறைகள் ஓடுகின்றன. அவர்களிடம் இன்னொரு வேலையைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தனி ஆசிரியரின் நல்ல மனத்துக்கு இதை விட்டுவிடக் கூடாது என்கிறேன். ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள இணைவுக் கல்லூரிகள் அனைத்தும் ஒரே நுண்பொருளியல் தாளைக் கற்பிக்கின்றன. பல்கலைக்கழகம் ஒருமுறை அதன் பாடநூல்களை ஒருங்குறியில் தயாரித்துக் கொடுத்தால் எல்லாக் கல்லூரிகளுக்கும் போதும். பதிப்புரிமை தடையாகாதா என்று நூலகர்கள் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்ற 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. அதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி அளித்த நாடும் இந்தியாதான். அத்தகைய வடிவ நூல்களுக்கென 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. அதில் நம் பட்ட வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைப் பல்கலைக்கழக நூலகங்கள் ஏற்க வேண்டும்.

உயர்கல்வித் துறையிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த திருத்தத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகள் எழுதப்படும் அதே பக்கத்தில், அந்த விளைவை எட்டவும் காட்டவும் உள்ள மாற்று வழிகளுக்கென ஒரு பத்தியைக் கட்டாயமாக்குங்கள். ஒருங்குறியில் இல்லாத பாடக் குறிப்பைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற அனுமதிக்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையினருக்கும் முன்னாள் மாணவருக்கும் இடம் இருக்கிறது. அந்த முன்னாள் மாணவர் இடத்தில் ஒரு முறையாவது மாற்றுத்திறனாளி ஒருவரை அமர்த்தி, அவர் எப்படிப் படித்தார் என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன மாணவர் அழைத்தால் வருவார். பாமினியைப் பற்றி என்னைவிட விரிவாகப் பேசுவார்.

எங்கள் துறையில் இதுவரை 14 வளைகோடுகளை அட்டையில் செய்து வைத்திருக்கிறோம். அவற்றின் அளவுகளையும், ஒருங்குறியில் மறுபடி தட்டச்சு செய்த நுண்பொருளியல் குறிப்புகளையும் எந்தக் கல்லூரியின் பொருளியல் துறை கேட்டாலும் கொடுக்கக் காத்திருக்கிறோம். வழங்கல் வளைகோடு மட்டும் பல கைகள் பட்டு நூல் பிரிந்துவிட்டது. கோடை விடுமுறைக்குள் அதைப் புதிதாக ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
பொருளியல் இணைப் பேராசிரியர்,
அரசு கலை அறிவியல் கல்லூரி,
திருவண்ணாமலை மாவட்டம்.